அழித்த பெயர் அழியவில்லை: ஜான் டீயின் சிதறிய நூலகம்

லண்டனில் ரீஜன்ட்ஸ் பூங்காவை ஒட்டி ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் கழகம் இருக்கிறது. அதன் நூலகத்திலுள்ள 16ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் சிலவற்றின் முகப்புப் பக்கத்தை உற்றுப் பார்த்தால் ஒரு பெயருக்கு அடியில் இன்னொரு பெயர் மங்கலாகத் தெரியும். மேலே அழுத்தமான மையில் நிக்கோலஸ் சாண்டர். அடியில், கழுவியும் சுரண்டியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருப்பது யோவான்னெஸ் டீ. ஜான் டீ தன் பெயரை லத்தீனில் அப்படித்தான் எழுதுவார். பல புத்தகங்களில் அது கைக்கு வந்த ஆண்டையும் பக்கத்திலேயே குறித்திருப்பார்.

டீயின் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது எலிசபெத் அரசியின் சோதிடர், படிகக் கல்லில் தேவதூதரைத் தேடியவர் என்ற உருவம். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கதையும் உலவுகிறது: சூனியக்காரன் வீடு என்று அஞ்சிய ஊர்க்கும்பல் ஒன்று புகுந்து அவருடைய நூலகத்தைச் சூறையாடியது என்று. புத்தகங்களைக் கையிலெடுத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்பதில்லை. அஞ்சி வந்த கும்பல் புத்தகத்தைக் கிழிக்கும், கொளுத்தும். உட்கார்ந்து முகப்புப் பக்கத்திலிருந்து உரிமையாளர் பெயரைக் கழுவிவிட்டு, காய்ந்த பிறகு தன் பெயரை எழுதிக்கொள்ளாது. டீயின் நூலகம் போனது அதன் மதிப்பு தெரிந்தவர்களால்தான். அப்படிப் போனதால்தான் இன்று அதைக் கண்டுபிடிக்கவும் முடிகிறது.

ஒரே மனிதர், 40 ஆண்டு

டீ பிறந்தது லண்டனில், 1527 ஜூலை 13ஆம் தேதி. கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்தார். டிரினிட்டி கல்லூரி 1546ல் தொடங்கப்பட்டபோதே அதன் ஆய்வாளர்களில் ஒருவரானார். பிறகு இன்றைய பெல்ஜியத்திலுள்ள லூவெய்ன் சென்று கணித அறிஞர் கெம்மா ஃப்ரிசியஸ், நிலப்படக் கலைஞர் ஜெரார்டஸ் மெர்காட்டர் போன்றவர்களோடு பழகினார். கணிதம், வானியல், நிலப்படக் கலை என்று அன்றைய ஐரோப்பாவின் புதிய அறிவு அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மெர்காட்டர் செய்த உலக உருண்டைகளோடும் ஃப்ரிசியஸ் வடிவமைத்த பித்தளை அளவுகோலோடும் திரும்பினார்.

புத்தகம் சேர்க்க அது நல்ல காலம். அதற்கான காரணம் கொடியது. எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் இங்கிலாந்தின் மடங்களையெல்லாம் மூடியபோது, நூற்றாண்டுக் கணக்கில் துறவிகள் படியெடுத்து வைத்திருந்த தோல்சுவடிகள் தெருவுக்கு வந்தன. மெழுகுவர்த்தித் தண்டு துலக்கவும், காலணி துடைக்கவும், மளிகைக்காரரும் சோப்பு விற்பவரும் பொட்டலம் கட்டவும் அவை பயன்பட்டதாகப் பழஞ்சுவடி ஆர்வலர் ஜான் பேல் 1549ல் எழுதினார். பெரிய வடிவத்தில் இருக்கும் கெட்டியான தோல் ஏட்டுக்கு ஒரு கடைக்காரரிடம் எப்போதும் தேவை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குப் பொருட்டில்லை.

1556 ஜனவரியில் டீ, மேரி அரசியிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். நாடெங்கும் தனியார் வீடுகளில் முடங்கிவிட்ட பழஞ்சுவடிகளை அரசு ஆணையோடு தேடித் திரட்டி ஓர் அரச நூலகம் அமைக்க வேண்டும். உரியவர் கொடுக்க மறுத்தால் கடன் வாங்கிப் படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். வாட்டிகன், வெனிஸ் போன்ற இடங்களில் இருக்கும் அரிய நூல்களுக்கும் படி எடுத்துவரச் செய்யலாம். சிசெரோவின் 'குடியரசு' என்ற நூலின் படி ஒன்று கேன்டர்பரியில் அழிந்துபோனதை அவர் எடுத்துக்காட்டினார். வேலையை உடனே தொடங்க வேண்டும், இல்லையென்றால் செய்தி பரவிச் சுவடி வைத்திருப்பவர்கள் ஒளித்துவிடுவார்கள் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. ஆட்களையும் சந்தையையும் நன்றாக அறிந்தவர் எழுதிய விண்ணப்பம் அது. அரசு அதை ஏற்கவில்லை. அரசு செய்யாததை அவரே தன் கைப்பணத்தில் செய்யத் தொடங்கினார்.

அவர் எவ்வளவு தூரம் போகத் தயாராக இருந்தார் என்பதற்கு 1563 பிப்ரவரியில் ஆன்ட்வெர்ப்பிலிருந்து, எலிசபெத் அரசியின் அமைச்சர் வில்லியம் செசிலுக்கு எழுதிய கடிதம் ஒன்றே போதும். யோகான்னஸ் டிரிதேமியஸ் எழுதிய மறையெழுத்துக் கலை நூல் அப்போது அச்சாகவில்லை. பிறர் 1000 கிரவுன் தர முன்வந்தும் கிடைக்காத நூல் தன் கைக்கு வந்துவிட்டது, பாதியை 10 நாளில் படியெடுத்துவிட்டேன் என்று அதில் சொல்கிறார்.

செலவுக் கணக்கையும் அவரே தந்திருக்கிறார். 1592 நவம்பரில் எலிசபெத் அரசி அனுப்பிய இரண்டு ஆணையர்கள் டீயின் மார்ட்லேக் வீட்டுக்கு வந்தபோது தன் வாழ்க்கைக் கணக்கை எழுத்தில் அவர்கள் முன் வைத்தார். நூலகத்தில் ஏறத்தாழ 4000 புத்தகங்கள், அதில் கால்பங்கு கையெழுத்துச் சுவடிகள், மொத்த மதிப்பு 2000 பவுண்டு, சேர்க்க 40 ஆண்டுக்கு மேல் ஆனது என்கிறார். கிரேக்கத்தில் ஒன்று, பிரெஞ்சில் இரண்டு, ஜெர்மனில் ஒன்று என நான்கே நான்கு சுவடிகளுக்கு மட்டும் 533 பவுண்டு போயிற்றாம். இந்தத் தொகையை எப்படிப் புரிந்துகொள்வது? அவருக்கு நிலையாக வந்துகொண்டிருந்த வருமானம் அப்டன், லாங் லெடன்ஹம் ஆகிய இரண்டு தேவாலயங்களின் மானியம், ஆண்டுக்குச் சுமார் 80 பவுண்டு. அப்படியானால் அந்த நான்கு சுவடிகளின் விலை ஆறரை ஆண்டு மானியத்துக்கும் மேல். பின்னால் சொல்லப்போகும் இழப்புக்கு ஈடு கேட்டு எழுதிய ஆவணம் என்பதால் எண்களில் கொஞ்சம் தாராளம் இருக்கலாம். ஆனால் அதே காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் சுமார் 450 புத்தகங்களே இருந்தன என்பதை நினைத்தால், பாதியாகக் குறைத்தாலும் டீயின் சேகரிப்பு வியப்பூட்டுவதுதான்.

கதவு திறந்திருந்த நூலகம்

மார்ட்லேக் தேம்ஸ் கரையில், லண்டனுக்கும் ரிச்மண்ட் அரண்மனைக்கும் இடையில் இருக்கிறது. படகில் அரண்மனைக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கலாம். 1575 மார்ச் 10ஆம் தேதி அரசியே தன் ஆலோசனைக் குழுவினரோடு நூலகத்தைப் பார்க்க வந்தார். அன்று நான்கு மணி நேரத்துக்கு முன்புதான் டீயின் மனைவியை அடக்கம் செய்திருந்தார்கள். அதை அறிந்த அரசி உள்ளே வர மறுத்து, வாசலிலேயே அவருடைய புகழ்பெற்ற முகம் பார்க்கும் கண்ணாடியை மட்டும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சென்றார்.

இது மந்திரவாதியின் இருட்டறை அல்ல, வேலைக்கான நூலகம். யூக்ளிட்டின் வடிவியல் 1570ல் முதன்முறை ஆங்கிலத்தில் அச்சானபோது அதற்கு நீண்ட முன்னுரை எழுதியவர் டீ. வடமேற்குக் கடல்வழி தேடி 1576ல் புறப்பட்ட மார்ட்டின் ஃப்ரோபிஷரின் குழுவுக்குக் கணிதமும் கடலோடும் கலையும் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். கடலோடி ஜான் டேவிஸ் அந்த வீட்டுக்குப் பழகியவர். நிலப்படம் பார்க்க, வானியல் அட்டவணை பார்க்க, அயர்லாந்து வேல்ஸ் நில உரிமை ஆவணங்களைப் பார்க்க என்று ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வேதியியல் சோதனைக்கென்று தனி அறைகளும் இருந்தன. புத்தகமும் கருவியும் உலையும் ஒரே கூரைக்கடியில் இருந்த அந்த இடத்துக்கு ஈடாக அன்றைய இங்கிலாந்தில் வேறொன்றைச் சொல்ல முடியாது.

இப்படி வந்து போனவர்களுக்கு எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, எது விலைபோகும் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் பழக்கம்தான் பின்னால் நூலகத்துக்கு வினையாக முடிந்தது.

பட்டியல்

1583 செப்டம்பரில் போலந்துப் பிரபு ஓல்பிராக்ட் லாஸ்கியோடும், படிகக் கல் பார்க்கும் எட்வர்ட் கெல்லியோடும் டீ ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 6ஆம் தேதியிட்டு ஒரு நூற்பட்டியல் முடிக்கப்பட்டது. நூலகம் சிதறிய பின்பும் நாம் அதைப் பற்றிப் பேச முடிகிறதென்றால் அந்தப் பட்டியலால்தான். அதன் படிகள் இரண்டு இன்றும் இருக்கின்றன, ஒன்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில், மற்றொன்று பிரிட்டிஷ் நூலகத்தில்.

பட்டியலில் ஏறத்தாழ 2300 அச்சு நூல்களும் சுமார் 200 கையெழுத்துச் சுவடிகளும் வருகின்றன. டீ சொன்ன 4000 இதில் இல்லையே என்று உடனே அவரைப் பொய்யராக்கிவிட வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் புத்தகம் பெரும்பாலும் தைக்காத தாள்களாகவே விற்கப்பட்டது. வாங்கியவர் தன் செலவில் பைண்டிங் செய்துகொள்வார். செலவு மிச்சம் பிடிக்க நான்கைந்து சிறு நூல்களை ஒரே அட்டைக்குள் தைத்துவிடுவது வழக்கம். அட்டை போட்ட கட்டுகளை எண்ணுவதா, உள்ளே இருக்கும் நூல்களை எண்ணுவதா என்பதைப் பொறுத்தே எண் இரண்டு மடங்காகிவிடும். கட்டப்படாத தாள்கட்டுகளும் துண்டு நூல்களும் வேறு இருந்தன.

வரிசை முதன்மையாகப் புத்தகத்தின் அளவைப் பின்பற்றுகிறது. அச்சுத் தாளை ஒருமுறை மடித்தால் இரண்டு ஏடு, அது ஃபோலியோ. இருமுறை மடித்தால் நான்கு ஏடு, குவார்ட்டோ. மூன்று மடிப்புக்கு எட்டு ஏடு, ஆக்டேவோ. அலமாரித் தட்டின் உயரத்துக்கு ஏற்ப அடுக்க இந்தப் பிரிவு வசதி. அதற்குள்ளே கடற்பயணத்துக்கான வரலாற்று நூல்கள், பாராசெல்சஸின் மருத்துவ நூல்கள், எபிரேய நூல்கள் என்று சில பொருள்வாரிக் கொத்துகளும் உண்டு. நூலாசிரியர் பெயர், சுருக்கிய தலைப்பு, அளவு, அச்சான ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பெரும்பாலான பதிவுகளில் காணலாம். இந்த ஊரும் ஆண்டும்தான் பொன்னானவை. 'யூக்ளிட்' என்று மட்டும் எழுதியிருந்தால் இன்று எதையும் நிறுவ முடியாது. ஊரும் ஆண்டும் இருந்தால் எந்தப் பதிப்பு என்பது ஏறக்குறைய உறுதியாகிவிடுகிறது.

ஆறு ஆண்டு ஆளில்லாத வீடு

வீட்டை மைத்துனர் நிக்கோலஸ் ஃப்ரொமண்ட் பொறுப்பில் விட்டுச் சென்றார் டீ. கிராகோ, பிராகா, பொஹீமியாவின் பிற ஊர்கள் என்று சுற்றி 1589 டிசம்பரில் திரும்பியபோது அலமாரிகளில் பெரிய இடைவெளிகள். தான் புறப்பட்ட உடனேயே ஃப்ரொமண்ட் சாமான்களை முறைகேடாக விற்றார், அல்லது பிறர் தூக்கிச் செல்ல விட்டார் என்று டீ எழுதியிருக்கிறார்.

கருவிகளுக்கு நேர்ந்தது புத்தகங்களுக்கு நேர்ந்ததைவிடக் கொடுமை. ரிச்சர்ட் சான்சலர் செய்த, ஐந்தடி ஆரமுள்ள கால்வட்டக் கோணமானியைச் சுத்தியலால் அடித்து நொறுக்கியிருந்தார்கள். கும்பல் கதைக்கு ஏதாவது ஆதாரம் உண்டென்றால் இந்தச் சுத்தியல் அடி ஒன்றுதான். அயர்லாந்து, வேல்ஸ் ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் இருந்த, பெட்டிகள் அடுக்கிய மரச்சட்டம் காலி. ஒரு பெரிய காந்தக் கல்லை யாரோ ஐந்து ஷில்லிங்குக்கு விற்றிருந்தார்கள். வாங்கியவர்கள் அதைத் துண்டு போட்டு விற்றபோது 20 பவுண்டுக்கு மேல் கிடைத்ததாம். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பதால் இது 80 மடங்குக்கு மேல்.

புத்தகங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பிறகு திரும்பக் கிடைத்துவிட்டதாக டீ சொல்கிறார். ஆகவே 'நூலகம் அழிந்தது' என்பதும் சரியல்ல. போனது ஒரு பகுதி, ஆனால் தேர்ந்தெடுத்து எடுக்கப்பட்ட பகுதி. பட்டியலின் ஓரத்தில் டீ பின்னாளில் எழுதிய குறிப்புகளில் 'ஜான் டேவிஸ் கொள்ளை' என்ற பொருள்பட வரும் வரிகள் இருக்கின்றன. முன்பு அந்த வீட்டில் பழகிய அதே டேவிஸ். கிரீன்லாந்துக்கு மேற்கே இருக்கும் நீரிணை இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. இன்னொரு பெரும்பங்கு நிக்கோலஸ் சாண்டரிடம் போய்ச் சேர்ந்தது. அவரே நேரில் எடுத்தாரா, எடுத்தவரிடமிருந்து வாங்கினாரா என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் யாருடைய புத்தகம் என்று அவருக்குத் தெரியும் என்பதில் சந்தேகமே வேண்டாம். தெரியாதவர் பெயரை அழிக்க மாட்டார்.

பெயரை அழிப்பது ஏன் எளிதல்ல

அன்றைய எழுத்து மை மாசிக்காயின் துவர்ப்புச் சாறும் அன்னபேதியும் சேர்ந்த கலவை. தாளில் நிற்பதற்கு வேலம்பிசின் சேர்ப்பார்கள். எழுதும்போது வெளிறிய நிறமாக இருக்கும். காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து கருக்கும். மை தாளின் மேலே படிந்து நிற்பதோடு விடாமல் இழைக்குள் இறங்கிக் கடிக்கும். கந்தல் துணிக் கூழில் செய்த அன்றைய தாளுக்கு மேல் ஜெலட்டின் பசைப்பூச்சு ஒன்று உண்டு. மை பரவாமல் தடுப்பது அதுதான்.

பெயரை எடுக்க நினைத்தவருக்கு மூன்று வழி. மூன்றுமே தடம் விடும்.

கத்தியால் சுரண்டுவது ஒன்று. தோல்சுவடியில் இது ஓரளவு நன்றாக வரும், எழுத்தர்களே பிழை திருத்த அப்படித்தான் செய்தார்கள். தாளில் இழை பிய்ந்து பஞ்சாக நிற்கும். பக்கத்தைச் சாய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் அந்தச் சொரசொரப்பு நிழலிட்டுக் காட்டிவிடும். பெயரின் அச்சை அது தராவிட்டாலும் அங்கே ஒன்று இருந்தது என்பதையும் அதன் நீளத்தையும் தரும்.

கழுவுவது இரண்டாவது. அமிலத் தன்மையுள்ள ஒரு நீர்மத்தால் தேய்த்தால் மையின் கருமை போய்விடும். பார்வைக்கு வெற்றிதான். ஆனால் இழைக்குள் தங்கிய மையின் எச்சம் முழுவதும் போவதில்லை. புற ஊதா ஒளியில் பழந்தாள் இலேசாக நீலம்பாரித்து ஒளிரும், மையின் மிச்சம் அந்த ஒளியை விழுங்கி இருட்டாக நிற்கும். 400 ஆண்டுக்கு முன் மறைந்த கையெழுத்து அப்படியே எழுந்து வருவது இந்த வேறுபாட்டால்தான். கழுவியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. நீர்மம் பசைப்பூச்சையும் கரைத்துவிடும். அதே இடத்தில் புதிய பெயரை எழுதினால் ஒற்றுத்தாளில் எழுதியது போல மை பரவும். கோடு தடித்துப் பிசிறடித்த கையெழுத்தைக் கண்டால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பக்கத்தின் அந்தப் பகுதியை வெட்டிவிடுவது. முகப்புப் பக்கத்தின் மேலோரமோ கீழோரமோ நறுக்கப்பட்டு வெறுந்தாள் ஒட்டப்பட்டிருக்கும். பெயரை மீட்க இதில் வழியே இல்லை. ஆனால் டீயைப் போன்ற ஒருவரின் புத்தகத்தில் முகப்பை மட்டும் வெட்டிப் பயனில்லை, அவர் உள்ளே முழுக்க எழுதியிருப்பார்.

ஓரத்தில் வாழ்ந்தவர்

டீ எழுதுகோல் இல்லாமல் படிப்பதே அரிது. முக்கிய வரியைச் சுட்டும் சிறு கைவிரல் படம், ஓரத்தில் சுருக்கம், அடைப்புக் கோடு, பிழை கண்ட இடத்தில் திருத்தம், அவருடைய பெயருக்கு அடையாளமான கிரேக்க டெல்டா முக்கோணம் என்று பக்கத்துக்குப் பக்கம் தடம் இருக்கும். மருத்துவர் கழகத்தில் இருக்கும் அவருடைய சிசெரோ தொகுப்பில், 1539–40ல் பாரிசில் அச்சானது, கப்பலைப் பற்றிய ஒரு பகுதிக்கு அருகே பாய்மரங்களோடு ஒரு முழுக் கப்பலையே பேனாவால் வரைந்திருக்கிறார். கயிறுகூட விடாமல் வரைந்த படம். கொலம்பசின் வாழ்க்கையை அவருடைய மகன் எழுதி 1571ல் வெனிசில் வெளிவந்த நூலின் டீ படி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் ஓரங்களில் பயணத்துக்குப் பயன்படும் செய்திகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் குறித்திருக்கிறார்.

கோள்நிலை அட்டவணைப் புத்தகங்களைத்தான் அவர் நாட்குறிப்பாகவும் பயன்படுத்தினார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி இருக்கும் அட்டவணையின் ஓரத்தில் யார் வந்தார், யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த நேரத்தில் என்று எழுதிவைத்தார். மறைக்க விரும்பியதை ஆங்கிலச் சொற்களாகவே, கிரேக்க எழுத்தில் எழுதினார். ஸ்டாடியஸ், மாகினி ஆகியோரின் அந்த இரண்டு அட்டவணை நூல்களும் இன்று ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. இவரைப் பற்றி நமக்குத் தெரிந்த அன்றாடச் செய்திகளில் பெரும்பகுதி அந்த ஓரங்களிலிருந்து வந்தது.

ஒரு புத்தகம் டீயுடையது என்று எப்படி உறுதி செய்வது

முதலில் பட்டியலில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊர், ஆண்டு, அளவு மூன்றும் பொருந்த வேண்டும். இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். பட்டியலில் இருப்பது ஒரு பதிப்பு, கையில் இருப்பது அந்தப் பதிப்பின் நூற்றுக்கணக்கான படிகளில் ஒன்று. பதிப்பு பொருந்துவதால் மட்டும் படி அவருடையதாகிவிடாது.

அடுத்தது முகப்புக் கையெழுத்து. இருந்தால் நல்லது. இல்லையென்றால் மேலே சொன்னபடி ஒளியில் பார்க்க வேண்டும். பிறகு உள்ளே உள்ள கையெழுத்து. டீ 60 ஆண்டுக்கு மேல் எழுதியவர், சாய்ந்த இத்தாலிய எழுத்தும் எழுதுவார், அன்றைய ஆங்கில அலுவலக எழுத்தும் எழுதுவார். இளம் வயதுக் கையெழுத்தும் முதுமைக் கையெழுத்தும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே ஆண்டு தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு மாதிரியோடு ஒப்பிட்டு 'இது அவர் கை' என்றோ 'இல்லை' என்றோ சொல்வது ஆபத்து. கையெழுத்துச் சுவடிகளில் பலவற்றில் சிறு ஏணி போன்ற குறி ஒன்றும் துணைக்கு வரும்.

பைண்டிங் இரண்டு வகையில் ஏமாற்றும். பிற்காலத்தில் மறுபடி கட்டியவர்கள் ஓரத்தைச் சீராக நறுக்கும்போது ஓரக்குறிப்பின் பாதி எழுத்துகளும் போய்விடும். பல நூல்கள் சேர்ந்த கட்டை விற்பனைக்காகப் பிரித்துத் தனித்தனி அட்டை போட்டிருந்தால், முதல் நூலில் மட்டும் டீயின் பெயர் இருக்கும், மற்றவை பெயரின்றி எங்கோ போயிருக்கும். அவற்றை மீண்டும் சேர்த்துப் பார்க்கப் புழு அரித்த துளைகளும் நீர்க்கறையும் உதவும். ஒன்றாகத் தைத்திருந்த காலத்தில் புழு ஒரு நூலின் கடைசி ஏட்டிலிருந்து அடுத்த நூலின் முதல் ஏட்டுக்கு நேராகத் துளைத்துச் சென்றிருக்கும்.

கடைசியாக, இடையில் யார் கையில் இருந்தது என்ற தொடர். சாண்டரின் பெயர் இருந்தாலே டீயின் புத்தகம் என்று சொல்லிவிட முடியாது, அவர் வேறிடத்திலும் வாங்கியிருப்பார். ஆனால் சாண்டர் பெயருக்கு அடியில் கழுவிய தடம் இருந்து, பதிப்பும் பட்டியலோடு பொருந்தினால் ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு. புகழ்பெற்ற பெயர் விலையை ஏற்றும் என்பதால், முக்கோணம் போல ஏதோ கீறல் இருந்தாலே டீ என்று எழுதிவிடும் விற்பனைப் பட்டியல்களை எச்சரிக்கையோடு படிப்பது நல்லது.

சாண்டரிடம் இருந்தவை பிறகு டார்செஸ்டர் பிரபு ஹென்றி பியர்ப்பாண்ட்டின் பெரிய நூலகத்துக்குள் வந்தன. மருத்துவர் கழகத்தின் பழைய நூலகத்தில் பெரும்பகுதி 1666 லண்டன் பெருந்தீயில் எரிந்துபோயிருந்தது. பிரபு 1680ல் இறந்தபின் அவருடைய நூலகம் கழகத்துக்குக் கிடைத்தது. இன்று டீயின் அச்சு நூல்கள் 100க்கு மேல் அங்கே ஒரே இடத்தில் இருக்கக் காரணம் இதுதான். 2016ல் அவற்றைக் கண்காட்சியாகவும் வைத்தார்கள்.

இறப்புக்குப் பின்

1596ல் மான்செஸ்டர் கல்லூரித் தலைவர் பதவிக்குப் போன டீ, அங்கே நிம்மதியின்றி இருந்து, வறுமையில் திரும்பி 1609 வாக்கில் இறந்தார். எஞ்சிய புத்தகங்களில் பல ஜான் பாண்டாய் என்ற வணிகரிடம் இருந்தன. அவர் 1624ல் இறந்ததும் அவை சந்தைக்கு வந்து மறுபடி சிதறின. சுவடி சேகரிப்பாளர் ராபர்ட் காட்டன், டீ சுவடிகளைப் புதைத்து வைத்திருக்கலாம் என்று நிலத்தை வாங்கித் தோண்டிப் பார்த்ததாக ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார்.

இன்னொரு பகுதி ஒரு மரப்பெட்டியின் இரகசிய அறைக்குள் கிடந்தது. லம்பார்ட் தெருவில் மிட்டாய்க் கடை வைத்திருந்த ஜோன்ஸ் என்பவரும் மனைவியும் அந்தப் பெட்டியைத் தச்சர்களிடம் வாங்கினார்கள். ஆண்டுகள் கழிந்து, நகர்த்தும்போது ஏதோ உருளும் ஓசை கேட்டு, கம்பியால் நெம்பியதில் மறைவறை திறந்தது. உள்ளே இருந்த தாள்களின் மதிப்பு தெரியாத வேலைக்காரப் பெண் பாதியை அடுப்பங்கரையில் பலகாரத் தட்டுக்கு அடியில் போட்டுத் தீர்த்துவிட்டாள். மடத்துச் சுவடிகளுக்கு நேர்ந்த அதே கதி. பெருந்தீயில் பெட்டி எரிந்தது, எஞ்சிய தாள்களை மட்டும் முன்கூட்டியே எடுத்துச் சென்றதால் அவை பிழைத்தன. அந்தப் பெண்மணியின் இரண்டாவது கணவர், லண்டன் கோபுரத்தில் காவலர், 1672ல் அவற்றைப் பழம்பொருள் சேகரிப்பாளர் எலியாஸ் ஆஷ்மோலிடம் கொடுத்தார். பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது ஆஷ்மோல் எழுதிய ஒரு புத்தகத்தின் படி.

டீயின் பட்டியலை ஜூலியன் ராபர்ட்சும் ஆண்ட்ரூ வாட்சனும் பதிவுக்குப் பதிவு ஆராய்ந்து, எந்தப் படி இன்று எங்கே இருக்கிறது என்ற விவரத்தோடு 1990ல் வெளியிட்டார்கள். பெரும்பாலான பதிவுகளுக்கு நேரே இருப்பிடம் இன்னும் எழுதப்படவில்லை. அவை எல்லாம் அழிந்துவிட்டன என்று பொருள் கொள்ளக் கூடாது. டீ தன் நாட்குறிப்பில் 'சோய்கா' என்று அழைத்த நூலையே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 36 வரிசை, 36 நெடுவரிசை என எழுத்துகளால் நிறைந்த 36 அட்டவணைகள் கொண்ட சுவடி அது. டீயிடமிருந்து ஒருமுறை தொலைந்து, 1595ல் திரும்பக் கிடைத்து, அவருக்குப் பின் மறுபடி காணாமற்போனது. ஆய்வாளர்கள் நெடுங்காலம் அதைத் தேடினார்கள். 1994ல் ஆய்வாளர் டெபோரா ஹார்க்னஸ் கண்டுபிடித்தபோது ஒன்றல்ல, இரண்டு படிகள் கிடைத்தன. ஒன்று போட்லியனிலும் மற்றொன்று பிரிட்டிஷ் நூலகத்திலும், யாரும் ஒளிக்காமல், எண்ணிட்டு அலமாரியிலேயே இருந்தன. நூலகப் பட்டியலில் அதன் பெயர் 'அல்தராயா' என்ற சொல்லில் தொடங்கியது. தேடியவர்கள் 'சோய்கா'வைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.